வாசல் நிறைய அரிசி

ஊரின் மரமுரசு சாவுச் சேதி சொல்லி ஓய்வதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். நெங்கா சுவஸ்திகாவின் வாசலில் ஓர் அரிசிப்பையை வைத்தார். உள்ளே கிடத்தியிருந்த அவன் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் பின்னாலேயே ஊர் மொத்தமும் வந்தது.

“பாத்தியா செகார்,” என்றான் நெங்கா மனைவியிடம். “விடுதி கட்டினதுலேர்ந்து நம்மள ஒதுக்கிட்டாங்கன்னு பொலம்புனியே.”

“நாமதான் எந்தச் சாவுக்கும் போனதில்லையே.”

“எரிமலை பாக்க வர்ற வெள்ளைக்காரங்கள விட்டுட்டு எப்படிப் போறது? அதுக்குத்தான் முறைப்படி செய்யவேண்டியத டிரைவர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன்ல.”

பொழுது சாய்ந்தது. எரிமலை அடிவாரத்துப் பத்தூர் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பைகள் இடுப்புயரம் குவிந்துவிட்டன. பாடைக்கு வெட்டிய மூங்கிலை மட்டும் யாரும் தொடவில்லை.

கடைசியாக ஊர்த்தலைவர் ருகெக் வந்தார்.

“தலைவரே, அரிசி வந்து குவியுது. இடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போக ஆளுங்க எப்ப வருவாங்க?”

தலைவர் பைக்குவியலைக் கைகாட்டினார்.

“துக்கத்துக்குக் குடுத்த அரிசின்னா நெனச்ச? தூக்க வராதவங்க சாவு வீட்டுல வச்சுட்டுப் போற அபராதம் தம்பி இது. எங்க வாசல்ல எல்லாம் உன் டிரைவர் வச்சுட்டுப் போனதும் இதேதான். நீ ஒருநாளும் வந்து பாத்ததில்ல, உனக்கெப்படித் தெரியும்?”

சொல்லிவிட்டு, தோளில் இருந்த தன் பையையும் இறக்கி வைத்தார்.