மூன்றாவது உதை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்து பொய் என்றாலும் மிச்சமிருக்கிற என் நாலு பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும்.

"இன்னைக்குப் பலகை உடையலைன்னா நாளையிலேர்ந்து டேக்வாண்டோ கிடையாது. கணக்கு டியூஷன்தான்!"

பயிற்சிக் கூடத்து வாசலிலேயே மகளிடம் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள். ஊசி குத்துகிற மாதிரிதான் பேச்சும் இருக்கும்.

"ரெண்டு வருஷமா உதைக்கிறதைத் தவிர வேற என்னத்தைக் கத்துக் கொடுத்தாங்க?"

பத்து வயது மகள் பச்சை பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். அன்று நீல பெல்ட்டுக்குத் தேர்வு. மூன்று உதைக்குள் பலகை உடைய வேண்டும்.

"உடையாம எங்க போகும்? பிடிக்கப் போறது யாரு?" என்று மார்தட்டினார் அப்பா.

லாரி டயர் கடைக்காரர். பட்டப்பெயர் இரும்புக்கை. ஒரு கையால் லாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடிப்பார். நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கூடத்து வழக்கப்படி, அம்மாவோ அப்பாவோதான் பலகையைப் பிடிக்க வேண்டும்.

"கை அசையக்கூடாது சார். பிடிக்கிறவர் கை பின்னால போனா, யானை உதைச்சாலும் உடையாது," என்றார் மாஸ்டர்.

"என்கிட்டயா சொல்றீங்க?"

மாஸ்டர் மதிப்பெண் தாளோடு இரும்புக்கையின் அகல முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அம்மா போனில் வீடியோவைத் தட்டினாள். கூடத்தில் எல்லார் கண்ணும் அந்தச் சின்னக் காலின் மேல்.

மகள் அப்பாவுக்குக் குனிந்து வணக்கம் வைத்தாள். பிறகு போட்டாளே ஒரு கத்தல்! வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் மிரண்டுபோய், வந்த பஸ்ஸில் எல்லாம் ஏறிவிட்டார்கள்.

டொம்!

பலகை அப்படியே இருந்தது.

"என்னடா பாப்பா, காலையில சாப்பிடலையா?"

கூடமே சிரித்தது.

"கால் வழுக்கிடுச்சுப்பா."

இரண்டாவது உதை. டொம்! அதே கதை.

"நான் பாறை மாதிரி நிக்கறேன். நீ பூப் போடற மாதிரி உதைச்சா எப்படிடா?"

"இந்தத் தடவை பலம் பத்தலப்பா."

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. மனசுக்குள் டியூஷன் டீச்சருக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணுதாம்மா பாக்கி," என்றார் மாஸ்டர்.

மகள் அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"அப்பா, அம்மா வீடியோ எடுக்கறாங்க. அங்க பார்த்துச் சிரிங்க!"

வீடியோ என்றால் இரும்புக்கைக்கு உயிர். தலையைத் திருப்பி, நெஞ்சை நிமிர்த்தி, கடைவாய்ப் பல் வரைக்கும் காட்டினார்.

படார்!

பலகையில் ஒரு பாதி மின்விசிறியில் மோதியது. மறு பாதி ஜன்னல் வழியாகப் போனது. இன்னும் கீழே வரவில்லை என்கிறார்கள்.

"பார்த்தீங்களா என் பிடியை!" மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தையே மூன்று சுற்றுச் சுற்றினார் இரும்புக்கை.

வீட்டுக்கு வந்ததும் அவர் உடைந்த பாதியோடு கடைக்கு ஓடிவிட்டார். அம்மா ஆசையாக வீடியோவைப் போட்டாள். முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று நின்றது.

முதல் உதை. கால் வருவதற்குள் இரும்புக்கையின் கண் இறுக மூடிக்கொள்கிறது. கை, பலகையோடு அரை அடி பின்னால் போகிறது. இரண்டாவது உதையிலும் அதேதான். ஊசியைக் கண்டு நாற்காலியில் பம்முகிறவர்களைத் தினமும் பார்க்கிறவளுக்கு இது தெரியாதா?

"அடியே, உனக்கு இது தெரியுமா?"

"முதல் உதையிலேயே தெரியும்மா."

"மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து பிடிச்சிருப்பேனே! வகுப்பே போயிருக்கும்டி!"

"அத்தனை பேர் முன்னாடி, எங்க அப்பா பயப்படறார்னு எப்படிம்மா சொல்றது?"

அம்மா முதல் இரண்டு உதையையும் அழித்துவிட்டு, மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டாள்.

இரும்புக்கை இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த வீடியோவைக் காட்டி, "பிடின்னா இது பிடி!" என்கிறார். நீங்கள் போனாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வாருங்கள். நான் சொன்னதாக மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். என் சைக்கிளுக்குக் காற்றடிப்பதும் அங்கேதான்.