கழுவக் கூடாத கால்

“அந்த ஆள் கால்ல நீங்க கை வைப்பீங்களா ஃபாதர்?”

கோகிலவாணி போட்ட சத்தத்தில், ஃபாதர் வீட்டு வாசலில் நின்றிருந்தவர்கள் மெல்ல நழுவினார்கள். இடுப்பில் இருந்த குழந்தை தனுஷா பயந்துபோய் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

சற்றுமுன், ஞாயிறு பூசை முடிவில்தான் அறிவிப்பு வந்தது. பெரிய வியாழன் சாயங்காலம், ஏசுநாதர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பங்கு மக்களில் பன்னிரண்டு பேர் காலை ஃபாதர் கழுவுவார். பெயர்களை வாசித்தார்கள். கடைசிப் பெயர், பச்சமுத்து.

“எந்தப் பச்சமுத்து?”

“மலையில சாராயம் காய்ச்சிக்கினு இருந்தானே, அவன்தான். ஜெயில்லேந்து வந்து ஞானஸ்நானம் வாங்கிட்டானாம்.”

“அவன் மூஞ்சி எப்படிய்யா இருக்கும்?” என்று ராஜாம்பாள் தன் புருஷனைக் கேட்டாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னா அவன்கிட்டயா வாங்கிக் குடிச்சேன்?”

“அப்ப ஏன் தரையப் பாத்துக்கினே பேசற?”

சிரிப்பு எழுந்தது. கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக ஃபாதரிடம் வந்துவிட்டாள்.

“அவர் திருந்திட்டாரும்மா.”

“அவன் திருந்திட்டா என் வூட்டுக்காரருக்குக் கண்ணு திரும்பி வந்துடுமா ஃபாதர்?”



கரும்பு வெட்டு முடிந்த களைப்பில் சிவசங்கர் குடித்தது ஒரே ஒரு பாக்கெட் சாராயம். விடிந்தபோது அவனுக்கு மட்டும் விடியவில்லை. அப்போது தனுஷா அவள் வயிற்றில். காய்ச்சியவன் பெயர் பச்சமுத்து என்று போலீஸ் சொன்னது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறியவனை டிவியில் பார்த்ததோடு சரி.

“பேர வாசிக்காம உக்கார வச்சிடலாம்னுதான் நான் நெனச்சேன்” என்றார் ஃபாதர். “ஊர் கேக்க வாசிங்கன்னு சொன்னதே அவர்தாம்மா.”

“எவ்ளோ திமிரு! பாழாக்கினவனுக்கு நாற்காலி, பாழாப்போனவனுக்குக் கடைசி பெஞ்சா? வியாழக்கிழமை அவன் வந்து உக்காரட்டும். பூசை நடுவுலயே சட்டையப் புடிச்சிக் கேக்கறேன்.”

வியாழன் காலை அந்தோணி அண்ணன் வீட்டுக்கு வந்தபோதும் அந்தக் கொதிப்பு அடங்கவில்லை.

அந்த ஒரு மனிதரிடம்தான் அவளுக்கு மரியாதை. கண் போன பிறகு சிவசங்கர் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். “என்ன எதுக்கு உயிரோட வச்சிருக்கே?” என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பூச்சி மருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்தாள். தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, திரும்பி வரும்போது என்ன பார்க்கப் போகிறோமோ என்று ஓட்டமாக வருவாள்.

தனுஷா தவழத் தொடங்கியபோதுதான் ஜெபக் குழுவிலிருந்து என்று சொல்லிக்கொண்டு அந்தோணி அண்ணன் வந்தார்.

“எழுந்திரு சிவா. உன்னால மட்டும் முடியற வேல ஒண்ணு கெடக்கு.”

பைக்கில் உட்காரவைத்து மலைமேல் கரியாலூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சாராயம் காய்ச்சுகிற வீடுகளாகப் பார்த்து அவனை உட்காரவைத்தார். சிவசங்கர் உபதேசம் எதுவும் செய்வதில்லை. “எனக்கு ஒரு பொண்ணு இருக்குது. மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாது” என்பான். அவ்வளவுதான். சிலர் பானையில் இருந்த சாராய ஊறலைக் கொட்டினார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

நாய் துரத்திய நாளில்கூட அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். “ஆண்டவர் என்ன சும்மா மிச்சம் வைக்கல கோகிலா.”

அதற்குப் பிறகுதான் அவள் பயமில்லாமல் தூங்கினாள். அடுத்த ஈஸ்டருக்குக் குடும்பமாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். கோயிலில் அவனுக்குப் புதுப் பெயர், சூசை. வீட்டில் இன்னும் சிவாதான்.

“நீங்களே சொல்லுங்கண்ணே” என்று இட்லியை வைத்தபடி ஆரம்பித்தாள். “அவனுக்கெல்லாம் ஏசப்பா பந்தியில எடமா? அவன் காலக் கழுவுன தண்ணிய எந்த மண்ணு வாங்கும்?”

அந்தோணி அண்ணன் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

“நீ கேக்கறது நியாயம்மா.”

“ஃபாதர்கிட்ட நீங்க சொன்னா எடுபடும்ண்ணே.”

“அவன் உக்காரமாட்டாம்மா. நீ ஒண்ணும் சத்தம் போடத் தேவையிருக்காது.”

“இன்னும் ரெண்டு வைக்கட்டா?”

“போதும்மா.”

சட்டைப் பொத்தானைத் தடவிப் போட்டுக்கொண்டிருந்த சிவசங்கர், அண்ணன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

சாயங்காலம் கோயில் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். கடைசி நாற்காலி மட்டும் காலி. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாரே என்று, பக்கத்தில் புருஷனின் தோளில் கை வைத்து நின்றிருந்த அந்தோணி அண்ணனை நன்றியோடு பார்த்தாள் கோகிலவாணி.

ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். காலி நாற்காலி வந்தது. அதன் முன்னாலும் மண்டியிட்டார். எழுந்திருக்கவில்லை.

“பச்சமுத்து.”

பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

“பச்சமுத்து, வாங்க.”

“பாத்தீங்களாண்ணே, பயந்துட்டான்” என்று கிசுகிசுத்தாள் கோகிலவாணி. “வந்திருந்தா இருக்குது அவனுக்கு.”

சிவசங்கர் தன் தோளில் இருந்த கையைத் தடவிப் பிடித்தான். ஒருமுறை அழுத்திவிட்டு, மெல்ல விலக்கினான்.

“உன்னத்தாண்ணே கூப்புடறாங்க. போ.”