வெளியூர் ஓட்டு

கெட்டிலின் மூக்கில் ஆவி வரத் தொடங்கியதும் மார்த்தா தகரப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு கவர்கள். கூலிம், தைப்பிங் என்று வெளியூரில் வேலை பார்க்கும் சங்க உறுப்பினர்கள் தபாலில் அனுப்பிய ஓட்டுகள். நாளை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் எண்ணப் போகிறார்கள்.

மாதா சகாய சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகத் தலைவர் மார்த்தாவின் கணவர் ஆரோக்கியநாதன்தான். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. அது போக, அவர்கள் குடியிருந்த ஜெலுத்தோங்கில் ஒரு சாவென்றாலும் சண்டையென்றாலும் அவர்தான் ஓட வேண்டும். அவர் புண்ணியத்தில் மார்த்தாவுக்குக் கோயிலில் முன் வரிசை.

இந்த வருஷம் பெஞ்சமின் வாத்தியார் போட்டிக்கு நின்றார். வெளியூர் ஓட்டுப் பெட்டி தலைவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. "பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறதா?" என்று வாத்தியார் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார். ஆரோக்கியநாதனுக்கு ரோஷம். பெட்டியைப் பூட்டி, சாவியை ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் பையில் போட்டார்.

இன்று சனிக்கிழமை. அவர் ஆபீசில் இருந்தார். கோட்டு ஆணியில் தொங்கியது.

ஜன்னலருகே காவலுக்கு நின்ற தங்கை ரீத்தா கெட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்லா அக்கா. ஆப்பிட்டா அத்தான் மானமே போயிரும்."

"நீ ரோட்டைப் பாரு."

ஆவியில் பசை இளகியது. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு பெயர்கள். ஒன்றுக்கு நேரே பென்சிலில் பெருக்கல் குறி. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க மார்த்தாவின் முகம் சுருங்கியது.

"பாவிங்களா, ஒருத்தர் பாக்கியில்லாமலா!"

சூலியா தெருவில் சீனி முகம்மது கடையில் வாங்கி வைத்திருந்த ரப்பரை எடுத்தாள். தாள் கசங்காமல் அழித்து, குறியை இடம் மாற்றினாள்.

"அத்தான் ஜெயிக்கணும்னு இப்படி ஒரு பாவமா? பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட என்ன சொல்லுவே?"

"செஞ்சதைச் சொல்லுவேன். அவரும் மனுஷர்தானே."

கடைசிக் கவரை ஒட்டிப் பெட்டியைப் பூட்டிய நேரம், "செபாஸ்டியன் அண்ணே வர்றாரு!" என்றாள் ரீத்தா. அவர்தான் ஓட்டு எண்ணும் அதிகாரி. வந்தவர் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். மார்த்தா அதே கெட்டில் வெந்நீரில் அவருக்குத் தேநீர் கலந்து கொடுத்தாள்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு ஆரோக்கியநாதன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"போச்சு மார்த்தா. வந்திருந்தவங்க ஓட்டுல நான் ஏழு முன்னால. அப்புறம் கவரைப் பிரிச்சாங்க. பதினொண்ணு பெஞ்சமினுக்கு! மூணு ஓட்டுல தோத்துட்டேன்."

அடுப்படியில் ரீத்தா கரண்டியை நழுவவிட்டாள்.

"வாத்தியார் என்ன சொன்னாரு?" என்றாள் மார்த்தா.

"கையைப் பிடிச்சிக்கிட்டு மன்னிப்புக் கேட்டாரு. 'பெட்டி உங்க வீட்ல இருந்தும் ஓட்டு இப்படி வந்திருக்கே, உங்களைப் போல யோக்கியர் உண்டா'ன்னாரு."

நாற்காலியில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"சங்கத்தை விடு, இல்லாட்டி உசிரை விடணும்னு டாக்டர் ஒரு வருஷமா கத்தினாரு. சனங்க கூப்பிடும்போது எப்படி விடறதுன்னேன். இப்ப சனங்களே விட்டுட்டாங்க."

"சாப்பிட்டுப் படுங்க. சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்துட்டு வரலாம்."

"வரேன். இனிமே எனக்கு என்ன வேலை?" என்றவர், ஏதோ நினைவு வந்தவராக லேசாகச் சிரித்தார். "ஆனா பன்னெண்டுல ஒண்ணு எனக்கு விழுந்திருக்கு, தெரியுமா? எவனோ ஒருத்தனுக்காவது என்மேல பாசம் இருந்திருக்கு."

நேற்று அந்த ஒரு சீட்டில் ரப்பரை வைக்கத்தான் மார்த்தாவுக்கு மனம் வரவில்லை.