கோபுரப் பாடம்

கிளி வாத்தியார் பத்துக் குஞ்சுகளைச் சுற்றுலா கூட்டிப்போன அன்று ஒன்று தொலைந்துபோனது.

காலையில் புதுப் பாலம், மாலையில் பழைய கோபுரம். பாலத்துக்கு எத்தனை தூண், கோபுரத்துக்கு எத்தனை நிலை, எல்லாவற்றையும் ஒப்பிக்க வைத்தார். வந்தவர்க்கு இடம் கொடுப்பது நம் பண்பாடு என்றும் மூன்று முறை சொல்ல வைத்தார். கோபுரப் பொந்திலிருந்து ஒரு வவ்வால் எட்டிப் பார்த்தது. "தலைகீழாய்த் தொங்குகிற ஜென்மம், அதோடு பேசாதீர்கள்" என்றார் வாத்தியார்.

மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஆலமரத்துக்குப் பறந்தார்கள். எண்ணினால் ஒன்பதுதான். சிறகு பலப்படாத பவளத்தைக் காணோம். வாத்தியார் கொட்டுகிற மழையில் திரும்பிப் பறந்து, நிலை நிலையாகக் கத்தினார்.

"கத்தாதீங்க சார், இங்கேதான் இருக்கேன்."

பொந்துக்குள் வவ்வாலின் இறக்கைக்குள்ளிருந்து ஒரு பச்சைத் தலை நீண்டது. "உள்ளே ஏழு நிலைக்கும் மரப்படி இருக்கு சார். வவ்வால் மாமா காட்டினார். நீங்க சொல்லவே இல்லையே?"

வாத்தியார் வெளியிலேயே நின்றார். வாலிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

"ஏன் வாத்தியாரே நனைகிறீர்? உள்ளே வாரும்" என்று நகர்ந்து இடம் விட்டது, வவ்வால்.