அமீரின் அங்கியில் ஒரு பூ

"பையை விடுடி! சர்க்கார் பைடி அது!"

"விடமாட்டேன். என் கார்டை எங்க தொலைச்சே, அதைச் சொல்லு முதல்ல!"

தபால்காரி ஜெபினிசோவின் தோல்பையை ஒருபக்கம் அவளும் மறுபக்கம் முஅத்தரும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். புகாராவில் எங்கள் சந்து ஒரு கழுதை வண்டி போகும் அகலம்தான். அதில் ஒரு சண்டை நடந்தால் வேறெதுவும் நடக்க முடியாது. எல்லாக் கதவுகளும் திறந்துகொண்டன.

முஅத்தர் வீட்டுக்கு எதிரே சனோபரின் கதவு காலையிலிருந்தே திறந்துதான் இருந்தது. வெளிச்சத்துக்காக வாசலை ஒட்டித் தையல் சட்டத்தைப் போட்டு, கருஞ்சிவப்பு வெல்வெட்டில் ஜரிகைப் பூ தைத்துக்கொண்டிருந்தாள்.

நாடக அரங்கில், ஊரை ஆண்ட அமீர் காலத்துக் கதை போடப்போகிறார்கள். அமீருக்கு அங்கி வேண்டும், அதுவும் அந்தக் காலத்து முறையில் கையால் தைத்தது. கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் அங்கியைப் போய்ப் போய்ப் பார்த்து, வீட்டுக்கு வந்து தைத்துத் தைத்துப் பிரித்து, நாலு மாதத்தில் சனோபர் தானாகவே கற்றுக்கொண்டாள். முதல் இரண்டு மாதம் அவள் வைத்த ரோஜாவை நாங்கள் முட்டைக்கோஸ் என்றுதான் நினைத்தோம்.

அன்று கடைசிப் பூ.

சண்டையின் காரணம் சந்துக்கே தெரியும். முஅத்தருக்கு பஹ்ரோம் மேல் மனசு. அவன் சைபீரியாவுக்கு ரயில் பாதை போடப் போய் இரண்டு வருடமாகிறது. வருகிறேன் என்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தால் காத்திருக்கலாம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை கார்ஷி ஊர் மாப்பிள்ளை வீட்டாரோடு ரொட்டி பிட்டு நிச்சயம் முடித்துவிடுவேன் என்று அவள் அப்பா கெடு வைத்திருந்தார்.

அன்று வியாழன்.

"அவன் எழுதியே இருக்கமாட்டான்டி. கடப்பாரை பிடிக்கிற கை பேனா பிடிக்குமா?" என்றாள் ஜெபினிசோ.

"எழுதியிருக்கான்! கூட வேலை செய்யற ஆள் நேத்து ஊருக்கு வந்து சொன்னான், கார்டு போட்டு மூணு வாரம் ஆச்சாம். அப்பா கண்ணால பாத்தாத்தான் நம்புவேங்கறார். நீ அதை என்ன, டீயில தொட்டுத் தின்னுட்டியா?"

ஜெபினிசோவின் முகம் வெளுத்தது. முப்பது வருடத்தில் ஒரு தபால் தவறியதில்லை என்று பீற்றிக்கொள்பவள். சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீயே சொல்லு சனோபர். உன் வீட்டுப் பத்திரிகைக்குள்ள ஏதாவது சொருகிக்கிட்டு வந்துதா?"

ஊசி நின்றது.

"பாக்கலையேக்கா."

முஅத்தரின் பிடி தளர்ந்தது. பையை விட்டுவிட்டு நேராக வந்து சனோபரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு சொட்டு வெல்வெட்டில் விழுந்தது. பதறிப்போய்த் தலைத்துணியின் நுனியால் ஒற்றி எடுத்தாள்.

"ஐயையோ, உன் வேலையைக் கெடுத்துட்டேனே. எவ்வளவு அழகா வந்திருக்கு இந்தப் பூ!"

அவள் ஒற்றியது எதையென்று சனோபருக்குத்தான் தெரியும்.

ஜரிகைப் பூ வெறும் இழையால் எழும்பி நிற்காது. கெட்டி அட்டையை இதழ் இதழாக வெட்டி வெல்வெட்டின் மேல் வைத்து, அதை ஜரிகையால் மூட வேண்டும். பத்து நாளைக்கு முன்னால் பத்திரிகை மடிப்பிலிருந்து ஒரு படக் கார்டு விழுந்தது. பனி மூடிய ரயில் நிலையம். நல்ல விறைப்பு.

படத்தை மட்டும்தான் பார்த்தேன், தெரியாமல் வெட்டிவிட்டேன் என்று அன்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் படத்துப் பக்கம் வழவழப்பு. பென்சில் பிடிக்காது. இதழ் வரைய வேண்டுமென்றால் எழுதிய பக்கத்தில்தான் வரைய வேண்டும்.

நாலு இதழ்கள் மூடியாகிவிட்டன. ஐந்தாவதில் மட்டும் விரல்நகம் அளவுக்குப் பனி தெரிந்தது. 'மாதக் கடைசியில் வருகிறேன், காத்திரு' என்ற வரி ஐந்து துண்டாகி, வெல்வெட்டைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கத்தரியும் அரை மணி நேரமும் இருந்தால் போதும், துண்டுகளைச் சேர்த்துவைத்து அப்பாவிடம் காட்டிவிடலாம்.

சனோபர் கத்தரியைப் பார்த்தாள். முஅத்தரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போகும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஜரிகையை இழுத்து, மிச்சமிருந்த பனியையும் மூடினாள். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு நேராக அவள் அதுவரை தையல் போட்டதில்லை.

மறுநாள் ரொட்டி பிட்டார்கள். அந்த வாரமே கல்யாணமாகி முஅத்தர் கார்ஷிக்குப் போனாள். மாப்பிள்ளை மோசமில்லை, குறட்டைதான் கொஞ்சம் அதிகமாம். போவதற்கு முன்னால் அவள் எழுதிப்போட்ட புகாரில் ஜெபினிசோவுக்கு வேலை போயிற்று. மகளோடு இருக்கப் போய்விட்டாள், சந்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

அங்கி மேடையேறிய அன்று சனோபர் தலைவலி என்று படுத்துவிட்டாள்.

பஹ்ரோம் சொன்னபடியே மாதக் கடைசியில் வந்தான். முஅத்தர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியவனுக்கு எதிர்வீட்டில் தேநீர் கிடைத்தது. அடுத்த நாளும் கிடைத்தது.

இப்போது இரண்டு பேரும் சமர்கண்டில், மூன்று பிள்ளைகளோடு. அவள் ஊசியைத் தொடுவதே இல்லையாம். சட்டைப் பொத்தான் அறுந்தால் பஹ்ரோமே உட்கார்ந்து தைத்துக்கொள்கிறானாம்.