புங்கன் கேட்டவள்

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் மூடப்பட்ட கல்குவாரியில் மரம் நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. கல்லைக் கொட்டி மூடியிருந்த பெரிய பள்ளத்தருகே, கூலிக்கு வந்திருந்த லூர்துமேரி அதிகாரி சுகுணாவிடம் தயங்கியபடி கேட்டாள்.

"மேடம், இந்த இடத்துல மட்டும் தைல மரம் வேண்டாங்க. புங்கன் வைங்க."

"தைலம்னா சீக்கிரம் வளர்ந்துடும்மா. மேல இருக்கறவங்களுக்குச் சட்டுனு பச்சை தெரியணும்."

"புங்கன் எல உதுந்து மக்குனா மண்ணு நல்லா சேரும்னு மீட்டிங்ல நீங்கதானே சொன்னீங்க?"

சுகுணா சிரித்தார். "மண்ணு சேர்ந்ததும் கடலை போடப் போறீங்களா? இது புறம்போக்கும்மா, பட்டா கிடைக்காது."

"பட்டா எதுக்குங்க? நானும் கூடை கூடையா மண்ணு கொண்டாந்து கொட்டிப் பாத்தேன். ஒரு மழைக்கே கல்லு சந்துல எறங்கிப் போயிடுது. வேரு இருந்தா புடிச்சு நிறுத்துமில்லீங்க?"

"அப்படி என்னம்மா இருக்கு இந்த இடத்துல?"

"எங்க வூட்டுக்காரருங்க. பாறை சரிஞ்சப்ப அடியில மாட்டிக்கிட்டாரு. எடுக்க முடியலன்னு அப்படியே மூடிட்டாங்க. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு. ஆளுக்கொரு கைப்பிடி மண்ணு போடலாம்னு தேடுனோம். கல்லுதாங்க இருந்துச்சு."

சுகுணா வண்டியை நோக்கி நடந்தார். ரோட்டோரத்தில் நட வைத்திருந்த புங்கங்கன்றுகளைத் தானே இறக்கிக் கொண்டுவந்தார்.

"மண்ணு சேர ரொம்ப வருஷம் ஆகும்மா."

"ஆவட்டுங்க. அவரு எங்கயும் போக மாட்டாருல்ல" என்றபடி, குழிக்காகக் கற்களை மெதுவாக நகர்த்தினாள் லூர்துமேரி.