கொழுகொழு பேத்தி

"இப்பல்லாம் தர்மம் பண்றவங்களும் சந்தையில காய் பொறுக்குற மாதிரி ஆள் பொறுக்குறாங்க!" என்று முணுமுணுத்தபடி, ஒண்ணாம் வகுப்புப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வரிசையில் நின்றார் கிழவர்.

நகரத்திலிருந்து வந்த அம்மாள் எலும்பும் தோலுமான பிள்ளைகளுக்கு மட்டும் சத்துமாவுப் பொட்டலம் கொடுத்தாள். பேத்தியின் முறை வந்ததும் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள்.

"கொழுகொழுன்னு இருக்காளே! ஒளிச்சு வச்சு ஊட்டுறீங்களா தாத்தா?"

"அவ கால்ல விரலால அழுத்திப் பாரும்மா."

அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"பட்டினி கிடந்தா இப்படித்தான் வீங்குமாம். ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

அம்மாளின் முகம் வெளுத்தது. "மெலிஞ்ச பிள்ளைங்களுக்குத்தான் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. மேல கேட்டுட்டு அடுத்த மாசம் கண்டிப்பா தரேன் தாத்தா."

"அதுக்கு இவ இருக்கணுமே" என்றவர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.